பத்துக்கு அப்புறம் ஒரே ஒரு பேஸ் கத்துக்கணும்னா எது? 16, 12, 60, 20, 3, 6 எல்லாத்தையும் வச்சு ஒரு ஒப்பீடு

பத்தை விட்டுட்டு வேற ஒரு எண்முறையில கணக்கு போட்டுப் பார்க்கணும்னு ஆசை வந்தவங்க எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான், எதைக் கத்துக்கறதுன்னு. ஹெக்ஸா (அதாவது பதினாறா), பன்னிரண்டா, பாபிலோனியாக்காரங்களோட அறுபதா, இல்ல ரொம்பப் பேர் பேசாத ஆறா. எல்லாத்தையும் மேலோட்டமா தெரிஞ்சுக்க ஒரு மணி நேரம் போதும், ஆனா ஒரு முறையில நிஜமாவே மனக்கணக்கு போடற அளவுக்குப் போகணும்னா மாசக்கணக்கில உட்காரணும், அதனால எதுக்காக உட்காரப் போறோம்னு முன்னாடியே யோசிச்சுக்கறது நல்லது. நான் ஒண்ணொண்ணா உட்கார்ந்து பார்த்தவன், சிலதுல ஒரு வாரம், சிலதுல மூணு மாசம், நோட்டு நோட்டா பெருக்கல் வகுத்தல் போட்டிருக்கேன். அதை வச்சுத்தான் இதை எழுதறேன்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு நிமிஷம். 243னு எழுதினா நமக்கு ரெண்டு நூறு, நாலு பத்து, மூணு ஒண்ணு. அதே 243ஐ பேஸ் ஆறுல எழுதினதா எடுத்துக்கிட்டா ரெண்டு முப்பத்தாறு, நாலு ஆறு, மூணு ஒண்ணு, அதாவது 72 + 24 + 3, மொத்தம் 99. எழுத்து அதேதான், இடத்தோட மதிப்பு மட்டும் பத்து பத்தா ஏறாம ஆறு ஆறா ஏறுது. அவ்வளவுதான் விஷயம். இதுல பத்துக்குன்னு தனியா எந்த மகத்துவமும் கிடையாது, கையில பத்து விரல் இருக்கு, அதான்.

ஒரு பேஸ் நல்லதா இல்லையான்னு பார்க்க நான் முதல்ல பார்க்கறது வாய்ப்பாடு. 0ஆலயும் 1ஆலயும் பெருக்கறதைக் கணக்குல சேர்க்காம, 3 × 7ம் 7 × 3ம் ஒண்ணுதான்னு வச்சுக்கிட்டா, பத்துல நாம மனப்பாடம் பண்ண வேண்டிய பெருக்கல் 36. பன்னிரண்டுல 55. பதினாறுல 105. அறுபதுல 1711. ஆறுல வெறும் 10. இந்த நம்பரை யாரு வேணா உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். ரெண்டாவது, பின்னங்கள், அரை மூணுல ஒண்ணு கால் அஞ்சுல ஒண்ணு இதெல்லாம் புள்ளிக்கு அப்புறம் சட்டுனு முடியுதா இல்ல முடிவில்லாம ஓடுதா. மூணாவது எண் எவ்வளவு நீளமா போகுது. பெரும்பாலான விவாதத்துல ரெண்டாவதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடறாங்க, அதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல, ஏன்னா தினமும் கணக்கு போடற தலைக்கு முதல்ல பாரமா இருக்கறது வாய்ப்பாடு.

சரி, மெஷின் பக்கம் முதல்ல முடிச்சிடலாம். 0, 1னு ரெண்டே இலக்கத்துல எழுதற பைனரியைப் பத்தி ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1703லயே விளக்கி எழுதிட்டாரு, ஆனா ஒரு மனுஷன் அதுல கணக்கு எழுதணும்னா ஒரு மில்லியனை எழுதவே 20 இலக்கம் வேணும், கண்ணு கலங்கிடும். அதனால நாலு நாலு பிட்டா (பிட்னா ஒரு 0 இல்ல ஒரு 1) கட்டி ஹெக்ஸா எழுதறோம். 1011 0110னு இருந்தா முதல் கட்டு பதினொண்ணு, அதுக்கு எழுத்து பி, ரெண்டாவது கட்டு 6, ஆக பி6, டெசிமல்ல, அதாவது நம்ம பத்துல, 182. எட்டு பிட் சேர்ந்த ஒரு பைட்டுக்குச் சரியா ரெண்டு இலக்கம். 1964ல ஐபிஎம் சிஸ்டம் 360 எட்டு பிட் பைட்டோட வந்து பரவினதுக்கு அப்புறம் ஹெக்ஸ் அப்படியே நிலைச்சுப் போச்சு, அதுக்கு முன்னாடி 12 பிட், 36 பிட்னு மெஷின்கள் இருந்த காலத்துல மூணு மூணு பிட்டா கட்டற ஆக்டல்தான் ஓடிட்டிருந்தது. இன்னிக்கு கலர் கோட், மெமரி அட்ரஸ், கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுக்கற யூனிகோட் நம்பர் எல்லாமே ஹெக்ஸ்தான். யூனிகோட்ல தமிழுக்கு ஒதுக்கின கட்டம் 0பி80ல ஆரம்பிக்குது, அதுல அகரம் 0பி85.

ஆக்டல் இன்னும் சாகல, யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள்ல ஃபைல் பர்மிஷன் 755னு போடறோமே அது ஆக்டல். அது என்னைக் கடிச்ச கதை ஒண்ணு இருக்கு. முன்னாடி வேலை பார்த்த இடத்துல மாசக்கடைசி ரிப்போர்ட் எடுக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (யூனிக்ஸ் கட்டளைகளை வரிசையா வச்ச சின்ன புரோகிராம்) எழுதி வச்சிருந்தேன், தேதியிலருந்து மாசத்தோட நம்பரை எடுத்து அதுல ஒண்ணைக் கழிச்சா போன மாசம் (பூஜ்யம் வந்தா 12), இவ்வளவுதான் வேலை. ஜனவரியில 01, பிப்ரவரியில 02, ஜூலை 07 வரைக்கும் ஒரு குறையும் இல்லாம ஓடிச்சு. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி காலையில நின்னு போச்சு. முன்னாடி ஒரு பூஜ்யம் இருந்தா பாஷ் அதை ஆக்டல்னு எடுத்துக்குது, ஆக்டல்ல 8ங்கற இலக்கமே கிடையாது, 08ஐப் பார்த்ததும் எரர் அடிச்சிட்டு நின்னுடுச்சு. ஏழு மாசம் சரியா ஓடினதால அந்த வரி மேல எனக்குச் சந்தேகமே வரல, பாதி நாள் வேற எங்கெங்கயோ தேடினேன். எந்த பேஸ்னு சொல்லாம எழுதின எண் எவ்வளவு ஆபத்துன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

இதைவிடப் பெரிய பாடம் பின்னத்துல இருக்கு. பத்துல ஒண்ணுங்கறது பைனரியில முடியவே முடியாது, 0.000110011001100னு 0011 திரும்பத் திரும்ப ஓடிட்டே இருக்கும். எங்கயாவது வெட்டித்தான் ஆகணும். பைத்தான் புரோகிராம்ல 0.1 + 0.2னு போட்டா 0.30000000000000004னு வர்றது அதனாலதான். 1991 பிப்ரவரி 25ஆம் தேதி சவுதியில தஹ்ரான்ல நடந்தது இதோட கோரமான முகம். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தை பத்துல ஒரு செகண்டா எண்ணி, அதை 0.1ஆல பெருக்கி செகண்டா மாத்திச்சு, அந்த 0.1 24 பிட் இடத்துல வெட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை பெருக்கினா தப்பு கண்ணுக்கே தெரியாது, ஆனா நூறு மணி நேரம் நிறுத்தாம ஓடினதுல அது 0.34 செகண்ட் ஆயிடுச்சு, அந்த நேரத்துல வர்ற ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல நகர்ந்திடும். தப்பான இடத்துல தேடினதால பிடிக்க முடியல, 28 பேர் செத்துப் போனாங்க. எந்த பேஸ்ல எந்தப் பின்னம் முடியும்ங்கறது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லைன்னு நான் சொல்றதுக்கு இது ஒண்ணு போதும்.

ஆக ஹெக்ஸ் பத்தி என் முடிவு: கம்ப்யூட்டர் பக்கம் இருந்தா அதைப் படிக்கத் தெரிஞ்சே ஆகணும், அதுல விவாதமே இல்ல. ஆனா அது படிக்கற திறமைதான், கணக்கு போடற பேஸ் இல்ல. 105 பெருக்கலை யாரும் மனப்பாடம் பண்ணப் போறதில்ல, பண்ணாலும் மூணுல ஒண்ணும் அஞ்சுல ஒண்ணும் அதுல ஓடிட்டேதான் இருக்கும், 0.5555, 0.3333னு. பதினாறுங்கறது ரெண்டை நாலு தடவை பெருக்கினது, வேற ஒண்ணும் அதுக்குள்ள இல்ல.

பன்னிரண்டுக்கு வருவோம். வேற பேஸ் வேணும்னு கேக்கறவங்கள்ல அதிகம் பேர் இந்தக் கட்சிதான், அமெரிக்காவுல 1944லயே இதுக்குன்னு ஒரு சங்கம் வச்சாங்க, 1959ல பிரிட்டன்ல இன்னொண்ணு. அவங்க வாதம் எளிமையானது, பத்தை 2ம் 5ம்தான் வகுக்கும், பன்னிரண்டை 2, 3, 4, 6 நாலுமே வகுக்கும். அதனால அரை 0.6, மூணுல ஒண்ணு 0.4, கால் 0.3, ஆறுல ஒண்ணு 0.2, எட்டுல ஒண்ணு 0.16, ஒம்பதுல ஒண்ணு 0.14. பார்க்கவே அவ்வளவு சுத்தமா இருக்கும். பத்துக்கும் பதினொண்ணுக்கும் தனி இலக்கம் வேணும்ல, தலைகீழா போட்ட 2ம் 3ம் அதுக்குன்னு சொல்லி, 2015ல வந்த யூனிகோட் 8.0ல அதுக்கு இடமும் கிடைச்சிடுச்சு.

நான் மூணு மாசம் உட்கார்ந்தது இதுலதான். ஏன் எழுந்தேன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு. பன்னிரண்டுல அது 0.24972497னு நாலு இலக்கம் சுத்திச் சுத்தி வரும், அதைப் பார்த்தா எந்த எண்ணுன்னே மனசுல பதியாது. ஏழுல ஒண்ணு இன்னும் மோசம், ஆறு இலக்கச் சுற்று. ரெண்டாவது காரணம்தான் எனக்குப் பெருசு, பழைய வாய்ப்பாடு விடாது. பன்னிரண்டுல 7 × 8 = 48. அது சரிதான், நாலு பன்னிரண்டும் எட்டும். ஆனா சின்ன வயசுலருந்து ஏழெட்டு அம்பத்தாறுன்னு சொல்லிப் பழகின வாய், கை, எல்லாமே 56னு எழுதப் பார்க்கும். 9 × 9 = 69, கை 81னு போகும். 55 பெருக்கல்ல பெரும்பாலானதுக்கு இந்தச் சண்டை ஓடிட்டே இருக்கும், அதுவும் அஞ்சாறு வரி பெருக்கல் போடும்போது நடுவுல எங்கயோ ஒரு இடத்துல பழைய விடை உள்ள புகுந்திடும், கடைசியில விடை தப்புன்னு தெரியும், எங்க புகுந்துச்சுன்னு தெரியாது. மூணு மாசம் முடிவுலயும் எனக்கு அது நிக்கல. சின்னப் பிள்ளையிலருந்து பன்னிரண்டுலயே வளர்ந்தா நிச்சயம் அருமையா இருக்கும், பத்துலருந்து நடுவுல மாறறவங்களுக்கு அது செங்குத்தான படி.

அறுபதைக் கத்துக்கத் தேவையில்ல, ஏற்கெனவே நமக்குத் தெரியும். மணி, நிமிஷம், செகண்ட், கோணத்துக்கு டிகிரி எல்லாம் அதுதான். 1793ல பிரெஞ்சுப் புரட்சிக்காரங்க ஒரு நாளைக்கு பத்து மணி, மணிக்கு நூறு நிமிஷம்னு சட்டம் போட்டாங்க, 1795லயே அதை நிறுத்தி வச்சுட்டாங்க, அறுபது அசையல. பாபிலோனியக் களிமண் பலகை ஒண்ணு, இப்ப யேல் பல்கலைக்கழகத்துல இருக்கு, ஒரு சதுரமும் அதோட மூலைவிட்டமும் வரைஞ்சு 1. 24, 51, 10னு எழுதியிருக்கும், அதாவது 1 + 24/60 + 51/3600 + 10/216000. அதை டெசிமலுக்கு மாத்தினா 1.41421296, நிஜமான ரெண்டோட வர்க்கமூலம் 1.41421356. கிட்டத்தட்ட 3700 வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் கையளவு மண்ணுல ஆப்பு அடிச்சு எழுதின கணக்கு, அதை முதல் தடவை நானே மாத்திப் பார்த்த அன்னிக்கு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல. ஆனா 1711 பெருக்கலை யாரு தலையில வச்சுக்கறது, அவங்களே பலகை பலகையா வாய்ப்பாடும் தலைகீழ் எண் பட்டியலும் எழுதி வச்சுத்தான் சமாளிச்சாங்க. மரியாதையோட அதை அங்கயே விட்டுடலாம்.

இருபதுல ஒண்ணே ஒண்ணு சொல்லணும். மாயாக்காரங்க புள்ளியும் கோடும் வச்சு எழுதினது எல்லாருக்கும் தெரியும், ஆனா அலாஸ்காவுல காக்டோவிக்ங்கற ஊர்ல 1994ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க உட்கார்ந்து ஒரு எண்முறையையே புதுசா உண்டாக்கினாங்க. அவங்க பேசற இன்யுபியாக் மொழியில இருபது இருபதா, அதுக்குள்ள அஞ்சு அஞ்சாத்தான் எண்ணுவாங்க, பத்துல எழுதற எழுத்து அதுக்குப் பொருந்தல. மேல வர்ற ஒவ்வொரு கோடும் அஞ்சு, கீழ வர்ற ஒவ்வொரு கோடும் ஒண்ணு, கையை எடுக்காம வளைச்சு வளைச்சு எழுதிடலாம். இதுல என்ன அழகுன்னா கூட்டல் கண்ணுக்குத் தெரியும், 6ம் 7ம் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு மேல் கோட்டை மேல் கோட்டோடயும் கீழ் கோட்டைக் கீழ் கோட்டோடயும் சேர்த்தா மேல ரெண்டு, கீழ மூணு, அதுதான் 13ஓட எழுத்தே. நம்ம 6ஐயும் 7ஐயும் எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் 13 தெரியாது. 2022ல யூனிகோட் 15ல இதுவும் சேர்ந்துடுச்சு. பேஸ்ங்கறது ஒரு பாதி, இலக்கத்தோட வடிவம் இன்னொரு பாதின்னு எனக்குப் புரிய வச்சது இந்த முறைதான். நம்ம தமிழ் எண்ணுமே வடிவத்துல வேற மாதிரி, 2345ஐ ௨௲௩௱௪௰௫னு, ஆயிரம் நூறு பத்துக்குத் தனித்தனி எழுத்து போட்டு, பேசற மாதிரியே எழுதறது. வாசிக்க அருமை, தாள்ல பெருக்கத்தான் கஷ்டம். அதோட பின்ன வரிசை, அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எல்லாமே 320க்குள்ள அடங்கற பின்னம், 320ஐ மூணு வகுக்காது, அதனால மூணுல ஒண்ணு அதுலயும் சரியா உட்காராது. மூணு பல இடத்துல ஒதுக்கப்படறதைக் கவனிங்க, ஆறைப் பத்திச் சொல்லும்போது இது வரும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு, பேலன்ஸ்டு டெர்னரி. பேஸ் மூணு, ஆனா இலக்கம் 0, 1, 2 இல்ல, −1, 0, +1. நான் −, 0, +னு மட்டும் எழுதுவேன். இடமதிப்பு 1, 3, 9, 27. அஞ்சை எழுதணும்னா ஒம்பதுலருந்து மூணையும் ஒண்ணையும் கழிக்கணும், ஆக + − −. இதை தராசுல வச்சுப் பார்த்தா பளிச்சுனு புரியும். ஒண்ணு, மூணு, ஒம்பது, இருபத்தேழு எடையில நாலே நாலு படிக்கல் இருக்கு, 5 எடையுள்ள பொருளை இடது தட்டுல வைங்க, 9ஐ வலது தட்டுல, 3ஐயும் 1ஐயும் பொருள் பக்கத்துலயே. 5 + 3 + 1 = 9, முள் நடுவுல நிக்கும். பொருள் பக்கம் வைக்கிற கல்லுக்கு −, எதிர்ப் பக்கம் வைக்கிற கல்லுக்கு +, வைக்காத கல்லுக்கு 0. இந்த நாலு கல்லை வச்சு 1லருந்து 40 வரைக்கும் எல்லா எடையும் போடலாம். 1612ல பிரெஞ்சுக்காரர் பாஷே வெளியிட்ட புதிர்கள்ல இது ஒண்ணு.

ஒரு கூட்டல் போட்டுப் பார்ப்போம், 5ம் 8ம். 5ன்னா + − −, 8ன்னா + 0 −. கடைசி இடத்துல ரெண்டு மைனஸ், அது −2, அதை −3 + 1னு பிரிச்சு + போட்டு கையில −. நடு இடத்துல − ஒண்ணு, 0, கையில இருந்த −, மறுபடி −2, அதே மாதிரி + போட்டு கையில −. முதல் இடத்துல ரெண்டு பிளஸ், ஒரு மைனஸ், மிச்சம் +. விடை + + +, 9 + 3 + 1, பதிமூணு. இதுல மைனஸ் எண்ணுக்குத் தனிக் குறியே வேணாம், + − −ல எல்லாத்தையும் திருப்பிப் போட்டா − + +, அது −5. கழித்தல்னு தனியா ஒண்ணு கிடையாது, திருப்பிப் போட்டுக் கூட்டறதுதான். பெருக்கலுக்கு வாய்ப்பாடே இல்ல, பிளஸ் மைனஸ் விதி தெரிஞ்சா போதும். புள்ளிக்கு அப்புறம் எங்க வெட்டினாலும் அதுவே கிட்டத்துல இருக்கற முழு இடத்துக்கு ரவுண்ட் ஆயிடும். கம்ப்யூட்டர் விஞ்ஞானி கனூத் இதை எண்முறைகள்லயே ஒருவேளை இதுதான் அழகானதுன்னு சொல்ற அளவுக்குப் போனாரு, அதுல மிகை ஒண்ணும் இல்ல.

1840ல இங்கிலாந்துல தாமஸ் ஃபௌலர் மரத்தாலேயே இந்த முறையில ஒரு கணக்கு மெஷின் செஞ்சாரு. 1958ல மாஸ்கோ பல்கலைக்கழகத்துல ப்ருசென்ட்சோவ் குழு செதுன்னு ஒரு கம்ப்யூட்டரையே இதுல கட்டி, சுமார் 50 மெஷின் தயாராச்சு. அதோட கதை முடிஞ்சதுன்னு நினைச்சா, 2024ல மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ஏஐ மாடலோட வெயிட் (அதுக்குள்ள சேமிச்சு வைக்கிற எண்கள்) எல்லாத்தையும் −1, 0, +1 மூணுலயே அடக்கற வேலையை வெளியிட்டாங்க. மூணுக்குத் திரும்பத் திரும்ப யாராவது வந்துட்டேதான் இருக்காங்க.

இவ்வளவு பிடிச்சும் இதை ஏன் முதல்ல கத்துக்கச் சொல்லலைன்னா, நீளமும் அரையும். ஒரு மில்லியனுக்கு 14 இடம் வேணும், எல்லாம் பிளஸ்ஸும் மைனஸுமா வரிசையா நின்னா கண்ணு இடம் தவறிடும், எனக்கு நாலு நாள்லயே அது பிரச்சனை ஆயிடுச்சு. அரைங்கறது 0.++++னு முடிவில்லாம ஓடும், அதே அரையை +.−−−−னும் எழுதலாம், ரெண்டுமே சரி. பாதின்னு ஒரு சாதாரண விஷயத்தை எழுத முடியாத முறையில தினப்படிக் கணக்கு போட முடியாது. எண்ணை எழுதறதுன்னா என்னன்னு புரிஞ்சுக்க ஒரு வாரம் ஒதுக்கிப் பாருங்க, அதுக்கு இதைவிடச் சிறந்தது இல்ல.

வேற சிலதும் இருக்கு, சீக்கிரம் சொல்லிடறேன். மைனஸ் ரெண்டு பேஸ், 1885ல க்ரூன்வால்ட் எழுதினது, அதுலயும் மைனஸ் குறி வேணாம், 110ன்னா 4 − 2, அதாவது 2. ஆனா கேரி, அதாவது கையில மிஞ்சறது, வர்ற விதம் மண்டையைக் குழப்பும். இடமதிப்பு 1, 2, 6, 24னு ஏறற ஃபேக்டோரியல் பேஸ்ல எந்தப் பின்னமா இருந்தாலும் முடிஞ்சிடும், ஏழுல ஒண்ணு கூட, அதுக்கு விலையா ஒவ்வொரு இடத்துக்கும் இலக்க எண்ணிக்கை மாறிட்டே போகும், வரிசைமாற்றம் எண்ணறவங்களுக்கு அது தங்கம், மத்தவங்களுக்குத் தேவைப்படாது.

இப்ப ஆறு. நான் எங்க வந்து உட்கார்ந்தேன்னு கேட்டா இங்கதான். வாய்ப்பாடு மொத்தத்தையும் ஒரே மூச்சுல சொல்லிடலாம்: 2 × 2 = 4, 2 × 3 = 10, 2 × 4 = 12, 2 × 5 = 14, 3 × 3 = 13, 3 × 4 = 20, 3 × 5 = 23, 4 × 4 = 24, 4 × 5 = 32, 5 × 5 = 41. பத்து வரி, முடிஞ்சது. பழைய வாய்ப்பாட்டோட சண்டை இதுலயும் வரும், 4 × 4க்கு 24ங்கறது முதல் வாரம் உறுத்தும், ஆனா பத்தே பத்துங்கறதால ரெண்டு வாரத்துல மூளை தனித் தடம் போட்டுக்குது. பன்னிரண்டுல எனக்கு மூணு மாசத்துல நடக்காதது இதுல பதினஞ்சு நாள்ல நடந்தது.

43 × 25, ரெண்டுமே ஆறுல எழுதினது. மூவஞ்சு 23, 3 போட்டு கையில 2. நாலஞ்சு 32, கையில இருந்த 2ஐச் சேர்த்தா 34. ஆக முதல் வரி 343. அடுத்து ரெண்டு, 3 × 2 = 10, 0 போட்டு கையில 1, 4 × 2 = 12, ஒண்ணு சேர்த்தா 13, ஆக 130, ஒரு இடம் தள்ளினா 1300. கூட்டினா 2043. டெசிமல்ல சரிபார்த்தா 27 × 17 = 459, ரெண்டு 216ம் நாலு ஆறும் மூணும் அதேதான். இதுல எந்த இடத்துலயும் அஞ்சஞ்சு தாண்டின பெருக்கல் வரவே வராதுங்கறதைக் கவனிங்க.

பின்னம்? அரை 0.3, மூணுல ஒண்ணு 0.2, கால் 0.13, எட்டுல ஒண்ணு 0.043, ஒம்பதுல ஒண்ணு 0.04. பன்னிரண்டுல முடியற எல்லாமே ஆறுலயும் முடியும், ஏன்னா ரெண்டுக்குள்ளயும் இருக்கற பகா எண் அதே 2ம் 3ம்தான், கால், எட்டுல ஒண்ணு மாதிரி சிலதுக்கு மட்டும் இலக்கம் கூட ஆகும். முடியாதது எப்படி ஓடுதுங்கறதுலதான் ஆறு பன்னிரண்டைத் தாண்டிப் போயிடுது. அஞ்சுல ஒண்ணு 0.1111, ஏழுல ஒண்ணு 0.050505. அவ்வளவுதான். அஞ்சு ஆறுக்கு ஒரு படி கீழ, ஏழு ஒரு படி மேல, அதனால ரெண்டுமே அடங்கி நடக்குது. 2043 அஞ்சால வகுபடுமான்னு பார்க்க இலக்கங்களைக் கூட்டினா போதும், 2 + 0 + 4 + 3, டெசிமல்ல ஒம்பது, அஞ்சு போக மீதி 4. ஏழுக்கு வலதுலருந்து மாத்தி மாத்திக் கழிச்சுக் கூட்டணும், 3 − 4 + 0 − 2 = −3, ஏழைச் சேர்த்தா மீதி 4. ரெண்டும் 459க்குப் போட்டுப் பாருங்க, சரியா வரும். 2, 3, 5, 7 நாலு பகா எண்ணுக்கும் பார்த்ததும் சொல்லிடற பேஸ், இவ்வளவு சின்ன வாய்ப்பாட்டோட, வேற கிடையாது. 2ஐயும் 3ஐயும் தவிர எல்லாப் பகா எண்ணும் ஆறுல எழுதினா 1லயோ 5லயோதான் முடியும். 28, 496, 8128ங்கற செம்மை எண்களை (தன்னை வகுக்கற சின்ன எண்களைக் கூட்டினா தானே வர்ற எண்கள்) ஆறுல எழுதினா 44, 2144, 101344, எல்லாம் 44ல முடியுது, பத்துல பார்க்கும்போது இப்படி ஒரு ஒழுங்கு இருக்குன்னே தெரியாது.

விரலும் இதுக்குத் தோதானது. வலது கையில 0லருந்து 5 வரைக்கும் ஒண்ணுகள், இடது கையில ஆறுகள். இடது நாலு, வலது மூணுன்னா 43, அதாவது 27. பத்து விரலை வச்சுக்கிட்டு பத்தோட நிக்காம 35 வரைக்கும் எண்ணலாம், எழுதறதும் விரல்ல காட்டறதும் ஒரே மாதிரி இருக்கும். கைங்கறதே ஆறு நிலை உள்ள ஒரு இலக்கம்னு சொல்லலாம், மடக்கின கையையும் சேர்த்து எண்ணினா.

குறை இருக்கு, மறைக்கல. நீளம் கூடும், ஆயிரத்துக்கு 4344னு நாலே இலக்கம்தான், ஆனா மில்லியனுக்கு 33233344னு எட்டு வேணும். பத்துல ஒண்ணு 0.0333னு ஓடும், அதனால டெசிமல்ல ரெண்டு இடத்துக்கு எழுதின தொகையை இதுக்கு மாத்தினா பெரும்பாலும் முடியாது, கணக்கு வழக்கு எழுதறதுக்கு ஆறைத் தொடாதீங்கன்னுதான் சொல்வேன். இன்னொண்ணு, வாயால எப்படிச் சொல்றது. 14ஐப் பார்த்துப் பதினாலுன்னு சொன்னா தப்பு, அது பத்து. நான் ஒண்ணு நாலுன்னு இலக்கம் இலக்கமா சொல்றேன், வேகம் கொஞ்சம் குறையுது, இதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் கிடைக்கல.

கோட் எழுதறவங்க ஹெக்ஸை எப்படியும் தெரிஞ்சுக்குவீங்க, அதை இந்த முடிவுக்குள்ள கொண்டு வராதீங்க. சின்னப் பிள்ளைக்கு வேடிக்கையா காட்டணும்னா காக்டோவிக் கோடுகள்லருந்து ஆரம்பிங்க. கணிதம் மேல காதல் இருக்கு, ஒரு வாரம்தான் இருக்குன்னா பேலன்ஸ்டு டெர்னரி. பன்னிரண்டு மேல ஏற்கெனவே ஆசை வச்சிருக்கறவங்களும் முதல்ல ஆறுல ஒரு மாசம் உட்காருங்க, அங்க பழகின பின்னம் எல்லாம் பன்னிரண்டுலயும் உதவும். ஆரம்பிக்க வேண்டியது மேல இருக்கற பத்து வரிதான், ஒரு துண்டுத்தாள்ல எழுதி வச்சுக்கிட்டு தினமும் நாலு பெருக்கல், போட்டதை அஞ்சு ஏழு மீதி வச்சு அங்கயே சரிபார்த்துக்கங்க, டெசிமலுக்கு மாத்திப் பார்க்காதீங்க. மாத்திப் பார்த்துட்டே இருந்தா தலை பத்துலயே நிக்கும், நான் முதல் வாரம் வீணாக்கினது அப்படித்தான்.